தாமதமாக வந்த மீட்பு ரயில்: ஃப்ளோரிடா கீஸ், 1935

1935 செப்டம்பர் 2 அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை. அன்றிரவு ஃப்ளோரிடாவின் தென்முனையிலுள்ள கீஸ் தீவுத்தொடரைத் தாக்கிய புயலில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பாதிக்கும் மேலானோர் முதல் உலகப்போரின் முன்னாள் படைவீரர்கள். பெருமந்தக் காலத்தில் வேலையற்றிருந்த அவர்களை அரசு சாலைப் பணிக்கு அமர்த்தி, கடலோரக் கூடாரங்களிலும் மெல்லிய பலகைக் குடில்களிலும் தங்கவைத்திருந்தது.

புயல் வருவது எவருக்கும் தெரியாமலில்லை. எங்கே கரையேறும் என்பதே ஐயத்துக்குரியதாக இருந்தது. செயற்கைக்கோளும் ரேடாரும் இல்லாத காலம் அது. கப்பல்களும் கரையோர நிலையங்களும் அனுப்பிய செய்திகளைக் கொண்டே புயலின் பாதை கணிக்கப்பட்டது. இப்புயலோ பரப்பில் மிகச் சிறியது. அதன் மையத்தை நெருங்கிய அளவீடுகள் அரிதாகவே கிடைத்தன. அது தீவுகளுக்குத் தெற்கே, ஃப்ளோரிடா நீரிணை வழியாகக் கடந்துவிடும் என்றே முன்னறிவிப்புகள் கூறிவந்தன.

முகாம் நிர்வாகம் வெளியேற்றத்திற்கு ரயிலையே நம்பியிருந்தது. ஐயம் தெளியட்டும் என்று காத்திருந்து, திங்கள் பிற்பகலில்தான் ரயிலைக் கோரியது. விடுமுறை நாளில் பணியாளரைத் திரட்டிப் பெட்டிகளை இணைக்க நேரமாயிற்று. மாலை 4 மணிக்குப் பின்னரே ரயில் மயாமியை விட்டுப் புறப்பட்டது. வழியில் படகுகளுக்காகத் திறந்திருந்த பாலம் அதை நிறுத்தியது. பிறகு பாதையின் குறுக்கே தொங்கிய கம்பிவடத்தில் சிக்கியது. இரவு 8 மணிக்குப் பிறகு இஸ்லமொராடாவை அடைந்தபோது, பொங்கியெழுந்த கடல் 11 பெட்டிகளையும் தண்டவாளத்திலிருந்து புரட்டித் தள்ளியது. எஞ்சின் மட்டுமே நிலைத்து நின்றது. அன்று பதிவான காற்றழுத்தம் 892 மில்லிபார். அமெரிக்கக் கரையைத் தாக்கிய எந்தப் புயலிலும் இதைவிடக் குறைந்த அழுத்தம் பதிவானதில்லை.

சில நாள்களிலேயே வெளியான அரசு விசாரணை அறிக்கை, இது இறைவன் செயல் என்று முடித்துக்கொண்டது. கீ வெஸ்டில் வாழ்ந்த எர்னஸ்ட் ஹெமிங்வே, அவ்வீரர்களைக் கொன்றது யார் என்று வினவி 'நியூ மாஸஸ்' இதழில் எழுதினார்.

இங்கு முன்னறிவிப்பின் பிழையை மட்டும் குறைகூறுவது போதாது. பாதை ஐயத்துக்குரியது என்பது முன்பே தெரிந்ததுதான். ரயிலைத் திரட்டி அனுப்ப எத்தனை மணிநேரம் ஆகும் என்பதைக் கணக்கிட்டிருக்க முடியும். அக்கணக்கிலிருந்து பின்னோக்கி வந்திருந்தால், ஐயம் நீங்குமுன்னரே முடிவெடுத்தாக வேண்டும் என்பது புலப்பட்டிருக்கும். வீணாக ஒருமுறை ரயிலை அனுப்புவதன் செலவும், அனுப்பத் தவறுவதன் இழப்பும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல.

இன்று அக்கணக்கு ஃப்ளோரிடாவின் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. கீஸின் நிரந்தரக் குடிமக்கள் அனைவரும் 24.5 மணிநேரத்துக்குள் வெளியேற இயல வேண்டும். அவ்வரம்பை ஒட்டியே புதிய வீடுகளுக்கான அனுமதியும் கட்டுப்படுத்தப்படுகிறது. 1935-இல் அம்முகாம்களில் உரிய விடையின்றிப் போன கேள்வி அது.