கால்நடை மருத்துவத்தில் மண்டை நரம்புச் சோதனை

மண்டை நரம்புச் சோதனை என்பது நாய், பூனை, குதிரை, மாடு முதலிய விலங்குகளின் மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் பன்னிரண்டு இணை நரம்புகள் சரிவர இயங்குகின்றனவா என்பதை அறியும் முறையாகும். இது கால்நடை மருத்துவர் செய்யும் நரம்பியல் பரிசோதனையின் ஒரு பகுதி. மனிதரில் இந்நரம்புகளைப் பன்னிரண்டு இணைகளாக 1778 ஆம் ஆண்டில் வகுத்தவர் செருமானிய உடற்கூற்றியலாளர் சாமுவேல் தாமஸ் சோமெரிங். வளர்ப்புப் பாலூட்டிகளுக்கும் அதே எண்ணிக்கையே பின்பற்றப்படுகிறது. சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கைவிளக்கும் சிறிது பஞ்சும் போதுமானவை.

== அடிப்படை ==

மனித நோயாளியிடம் "தெரிகிறதா, உணர்கிறீர்களா" என்று கேட்டு அறியலாம். விலங்கிடம் அவ்வாறு கேட்க இயலாது. ஆகவே ஒரு தூண்டலைக் கொடுத்து, அதற்கு எழும் அசைவைக் கவனிப்பதே ஒரே வழி. ஒவ்வொரு சோதனையிலும் செய்தியை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பு ஒன்றும், கட்டளையைத் தசைக்குக் கொண்டு வரும் நரம்பு ஒன்றும் உண்டு. அசைவு எழவில்லை என்றால் பழுது எந்தப் பக்கம் என்பதை அந்த ஒரு சோதனையால் கூற முடியாது. அதே நரம்பு பங்குபெறும் வேறொரு சோதனையுடன் ஒப்பிட வேண்டும். மின்சுற்றில் அறுந்த கம்பியைத் தேடுபவரும் இதையே செய்கிறார்.

== கண்ணும் பார்வையும் ==

பாவையின் ஒளி எதிர்வினை இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டாகும். ஒரு கண்ணில் ஒளியைப் பாய்ச்சினால் இரு கண்களின் பாவைகளும் சுருங்க வேண்டும். இதில் செய்தியை உள்ளே கொண்டு செல்வது இரண்டாம் நரம்பான பார்வை நரம்பு. பாவையைச் சுருக்குவது மூன்றாம் நரம்பான கண் இயக்க நரம்பு. வலது பார்வை நரம்பு முற்றிலும் பழுதுபட்டிருந்தால் வலக்கண்ணில் பாய்ச்சும் ஒளிக்கு எந்தப் பாவையும் சுருங்காது. இடக்கண்ணில் பாய்ச்சினால் இரண்டும் சுருங்கும். வலது கண் இயக்க நரம்பு பழுதுபட்டிருந்தாலோ, எந்தக் கண்ணில் ஒளி விழுந்தாலும் வலது பாவை மட்டும் விரிந்தே நிற்கும். அச்சமுற்ற பூனையின் பாவைகள் பரிவு நரம்புகளின் தூண்டலால் ஏற்கெனவே விரிந்திருக்கும் என்பதால், அதனை முதலில் அமைதிப்படுத்துவது நல்லது. பறவைகளின் கருவிழித்திரையில் விருப்பப்படி இயங்கும் தசை உள்ளது. எனவே அவற்றில் இச்சோதனையை நம்ப இயலாது.

இந்த எதிர்வினைக்குப் பெருமூளை தேவையில்லை. ஆதலால் பாவை நன்கு சுருங்கும் விலங்கும் பார்வையற்றதாக இருக்கலாம். பார்வையை அறிய அச்சுறுத்தல் எதிர்வினை பார்க்கப்படுகிறது. கண்ணை நோக்கிக் கையைத் திடீரென நகர்த்தினால் விலங்கு இமைக்க வேண்டும். இங்குச் செய்தி பார்வை நரம்பு வழியாகப் பெருமூளைக்குச் செல்கிறது. இமையை மூடுவது ஏழாம் நரம்பான முக நரம்பு. கையசைவால் காற்று கண்ணில் பட்டுவிட்டால், ஐந்தாம் நரம்பான முக்கிளை நரம்பு அதை உணர்ந்து, பார்வையற்ற விலங்கும் இமைத்துவிடும். மேலும் இது பிறவியிலேயே அமைந்த அனிச்சைச் செயல் அன்று, கற்றுக்கொள்ளப்படுவது. நாய்க்குட்டிகளிலும் பூனைக்குட்டிகளிலும் ஏறத்தாழ 10 முதல் 12 வாரம் வரை இது காணப்படாமல் இருக்கலாம். எட்டு வாரக் குட்டி இமைக்கவில்லை என்பதற்காக அதைக் குருடு என்று முடிவு கட்டுவது தவறு. சிறுமூளை நோயிலும் பார்வை இருந்தும் இந்த எதிர்வினை மறைவதுண்டு. ஐயம் இருப்பின், ஓசையும் மணமும் இல்லாத பஞ்சு உருண்டையைக் கண்முன் விழவிட்டு விலங்கின் பார்வை அதைத் தொடர்கிறதா என்று காண்பர்.

== முகம் ==

இமையின் ஓரத்தைத் தொட்டால் முக்கிளை நரம்பு உணர்கிறது, முக நரம்பு இமைக்க வைக்கிறது. முக நரம்பு செயலிழந்த நாய் இமைக்காது. ஆயினும் கண்ணுருண்டை சற்று உள்வாங்கி மூன்றாம் இமை கண்ணின் குறுக்கே நகரும். கண்ணை உள்ளிழுக்கும் இந்தத் தசை மனிதருக்கு இல்லை. இந்த அசைவைக் கண்டால் தொடு உணர்வு குறையவில்லை என அறியலாம்.

முக நரம்பு கண்ணீர்ச் சுரப்பையும் தூண்டுவதால், 1903 இல் ஓட்டோ ஷிர்மர் விவரித்த தாள் கீற்றுச் சோதனையும் உடன் செய்யப்படுவதுண்டு. நாயில் ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தாள் நனைவது இயல்பு. குதிரையில் இந்நரம்பின் ஒருபக்கச் செயலிழப்பை மூக்கும் உதடும் நலமான பக்கம் இழுபட்டிருப்பதால் எளிதில் அறியலாம். மயக்க மருந்து கொடுத்துப் பக்கவாட்டில் கிடத்தும்போது தலைக்கயிற்றின் கொக்கி கன்னத்தை அழுத்துவதாலும் இது ஏற்படுவதால், முன்னரே தலைக்கயிற்றைக் கழற்றிவிடுகிறார்கள்.

== தொங்கும் தாடை ==

மெல்லும் தசைகளை இயக்குவதும் முக்கிளை நரம்பே. இரு பக்கமும் செயலிழந்தால் நாயின் கீழ்த்தாடை தொங்கி, வாயை மூட முடியாமல் எச்சில் வடியும். காரணம் அறியப்படாத நரம்பு அழற்சியால் இவ்வாறு நேர்ந்தால், ஊட்டி விட்டுப் பராமரித்தால் பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் தாமாகவே குணமடைகின்றன. ஆனால் வெறிநோயின் ஊமை வடிவமும் இதே தோற்றத்தைத் தருகிறது. தொண்டையில் எலும்பு சிக்கியிருப்பதாக எண்ணி வாய்க்குள் வெறுங்கையை விடுவது ஆபத்தானது. இந்தியா போன்று வெறிநோய் நிலைகொண்டுள்ள நாடுகளில், தடுப்பூசி மற்றும் கடிபட்ட விவரங்களை அறியும் முன் வாய்ச் சோதனைகளைத் தவிர்க்க வேண்டும். எச்சில் புண்ணிலோ வாய், கண் ஆகியவற்றின் மென்சவ்விலோ பட்டுவிட்டால் உடனே கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் தடுப்பூசி பெற வேண்டும். புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடமும், கண்ணைத் தூய நீரால் நன்றாகவும் கழுவ வேண்டும்.

== சமநிலை ==

எட்டாம் நரம்பு கேட்டலுக்கும் சமநிலைக்கும் உரியது. இது பழுதுபட்டால் தலை ஒருபுறம் சாயும், நடை தள்ளாடும், கண்கள் தாமாக ஆடும். முதிய நாய்களில் இது ஒரே நாளில் தோன்றுவதுண்டு. நிற்கவும் இயலாமல் உருளும் நாயைக் கண்டு, மூளையில் பக்கவாதம் என்றெண்ணிக் கருணைக்கொலைக்கு முடிவெடுப்போரும் உள்ளனர். கண்ணாட்டம் கிடைமட்டமாகவோ சுழற்சியாகவோ இருந்து, நாய் விழிப்புடனும் கால்கள் வலுவுடனும் இருந்தால் கோளாறு பெரும்பாலும் உட்செவியிலோ நரம்பிலோ தான். முதுமையில் காரணமின்றி வரும் இவ்வகை சில நாட்களில் தணியத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் பெருமளவு சீராகும். தலைச்சாய்வு மட்டும் சிறிது எஞ்சலாம். கண்கள் மேலும் கீழுமாக ஆடினாலோ, மந்தமோ கால் தளர்ச்சியோ சேர்ந்திருந்தாலோ மூளைத்தண்டை ஐயுற வேண்டும். சியாமியப் பூனைகளில் பிறவியிலேயே காணப்படும் கண்ணாட்டமும் மாறுகண்ணும் பார்வை நரம்பிழைகளின் அமைப்பு வேறுபாட்டால் வருபவை. அவை இந்நோயின் அறிகுறி அல்ல.

கைதட்டிப் பார்க்கும் சோதனை இரு காதும் கேளாத விலங்கையே காட்டிக்கொடுக்கும். பிறவிச் செவிடு மிகுந்த டால்மேசன் இனக் குட்டிகளில் ஒரு காது மட்டும் கேளாதவற்றை மூளைத்தண்டின் மின் அலைகளைப் பதிவு செய்தே கண்டறிய முடியும்.

மாடு, ஆடுகளில் ஒரு பக்கத்தில் ஐந்து, ஏழு, எட்டாம் நரம்புகள் சேர்ந்து பழுதுபட்டு, விலங்கு வட்டமிட்டு நடந்தால் லிஸ்டீரியா நுண்ணுயிரியால் வரும் மூளைத்தண்டு அழற்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். கெட்டுப்போன ஊறுகாய்ப் புல் இதற்குப் பொதுவான காரணமாகும்.

== பிற நரம்புகள் ==

முதலாம் நரம்பான நுகர்நரம்பு அரிதாகவே சோதிக்கப்படுகிறது. அம்மோனியா போன்ற காரமான பொருளை முகரச் செய்வது பயனற்றது. அந்த எரிச்சலை உணர்வது முக்கிளை நரம்பு. ஒன்பதாம், பத்தாம் நரம்புகள் விழுங்குதலைக் கொண்டு அறியப்படுகின்றன. குதிரையில் பத்தாம் நரம்பின் இடப்பக்கக் கிளை மார்பினுள் சென்று பெருந்தமனியைச் சுற்றிக் குரல்வளைக்குத் திரும்புகிறது. இந்நீண்ட கிளை நலிந்தால் ஓடும்போது மூச்சு இரைந்து ஒலிக்கும். உள்நோக்கிக் கருவியால் குரல்வளையைப் பார்த்து இது உறுதி செய்யப்படுகிறது. பன்னிரண்டாம் நரம்பைச் சோதிக்க, நாயின் மூக்கில் சிறிது உணவைத் தடவி, அது நாவை இரு புறமும் நீட்டி நக்குகிறதா என்று கவனித்தாலே போதும்.