கல்யாணம் ஆகாத சம்சாரி

ஊசியில் நூல் கோக்க முடியாமல் போகிற நாள், புதியம்புத்தூர்ப் பெண்ணுக்குச் சாதாரண நாள் அல்ல. வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடுகிற ஊர் இது. பிள்ளைகளுக்கான கவுனும் பாவாடையும் டஜன் கணக்கில் தைத்து, மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்புகிறோம். எங்கள் ஆச்சி காஜா எடுப்பவள், அதாவது பொத்தான் துளைக்கு நூல் கட்டுபவள். நூல் நுனியை எச்சிலில் நனைத்து, வாசல் வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்து, காது இருக்கிற இடம் தெரியாமல் குத்திக் குத்திப் பார்ப்பாள். “ஏ பிள்ள, இதக் கோத்துத் தா” என்று எங்களைக் கூப்பிடுவாள். எத்தனை தடவைதான் கூப்பிடுவது என்று கூச்சப்பட்டு, ஒருநாள் வேலையையே விட்டுவிட்டாள். இரண்டு கண்ணிலும் புரை.

கண் முகாமில் பார்த்து, பஸ்ஸில் ஏற்றி, திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அதற்கு வேராக இருந்த மதுரை மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி நம் கரிசல்காட்டுக்காரர். எட்டயபுரம் வட்டாரத்து அயன்வடமலாபுரத்தில், 1918 அக்டோபர் 1 அன்று பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் சிலேட்டோ தாளோ கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தார்.

சிறு வயதில் அவருடைய உறவுப் பெண்கள் மூவர் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் இறந்துபோனார்கள். பிரசவ மருத்துவராக வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் பட்டம் பெற்று ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். முடக்குவாதம் வந்து படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. நேராக நிற்கவே பாடுபட்டவர், பிரசவம் பார்ப்பதைக் கைவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். தம் விரலின் கோணலுக்கு ஏற்பக் கருவிகளைப் பிடித்துப் பழகினார். அந்தக் கைகள் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தன. ஊசியும் நூலும் புழங்குகிற எங்களுக்கு, விரல் மடங்காவிட்டால் என்ன பாடு என்று தெரியும். அதனால் அவருடைய பட்டங்களையும் 1973-இல் வந்த பத்மஸ்ரீயையும்விட அந்த விரல்களே எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

கரிசல்காட்டில் விவசாயியைச் ‘சம்சாரி’ என்போம். மற்ற ஊர்களில் அந்தச் சொல்லுக்குக் குடும்பஸ்தன் என்று பொருள். வெங்கடசாமி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் அவரைப்போல ஒரு சம்சாரியை நான் அறியேன். தந்தைக்குப் பின் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்துக் கரையேற்றியவர் இந்த மூத்த பிள்ளைதான். தங்கை நாச்சியாரைக் கண் மருத்துவராக்கினார். அரசுப் பணியில் மதுரையில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து, ஊர் ஊராக முகாம் நடத்தி, 58 வயதில் ஓய்வு பெற்றதும், 1976-இல் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் திறந்தார். ஸ்ரீ அரவிந்தரிடம் கொண்ட பக்தியால் அதற்கு அரவிந்த் என்று பெயர். வீட்டை அடகு வைத்தார்கள், நகைகளும் போயின. தங்கையும், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும், தம்பி சீனிவாசனும் உடன் நின்றார்கள். அடுத்த தலைமுறைப் பிள்ளைகளும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள்.

பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதில் முடியாதவர்களுக்கும் அறுவை நடக்கிறது. இருவருக்கும் அதே மருத்துவர்கள். அறுவை அரங்கில் ஒரு மேஜையில் வேலை முடியும் முன்பே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராகிவிடுவார். இந்த வரிசை வேலையைப் பற்றிச் சொல்லும்போது, அமெரிக்க உணவகச் சங்கிலியைப் பார்த்து அவர் வியந்ததை எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு எங்கள் ஊர் ஞாபகம்தான் வருகிறது: ஒருவர் வெட்ட, ஒருவர் தைக்க, ஒருவர் ஓவர்லாக் அடிக்க, ஒருவர் காஜா எடுக்க, எவர் கையும் சும்மா இருக்காது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தவரை ஏழைகளுக்கு எட்டாத விலை. 1992-இல் ஆரோலேப் தொடங்கி அதை மதுரையிலேயே செய்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. அதற்கு முன் அறுவை செய்துகொண்ட ஏழைகளுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி.

ஆச்சி கட்டுப் பிரித்து ஊர் திரும்பியபோது டாக்டர் வெங்கடசாமியைப் பற்றி அங்கே கேட்டதையெல்லாம் சொன்னாள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது மட்டும் அவள் மனசில் முள்ளாகத் தைத்திருந்தது.

“அப்ப அவருக்கு யாரு பொங்கிப் போடுதா?” என்றாள்.

தம்பி தங்கை குடும்பத்தோடுதான் இருக்கிறார் என்று அப்பா சொன்ன பிறகே, காஜா எடுக்கக் கிடந்த கவுனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். 2006 ஜூலை 7 அன்று அவர் மதுரையில் மறைந்த செய்தி வந்தபோது ஆச்சி உயிரோடு இல்லை.