மெல்லப் பேசும் அலைகள்

1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 16ஆந் திகதி, விக்ரோறியா மகாராணியார் அமெரிக்க சனாதிபதி புக்கானனுக்கு வாழ்த்துச் செய்தி ஒன்றை அனுப்பினார். அயர்லாந்தின் வலென்சியாத் தீவிலிருந்து நியூபவுண்ட்லாந்து வரை அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிற் கிடந்த புதிய தந்திக் கம்பியின் வழியாக அது சென்றது. செய்தியில் இருந்தவை 98 சொற்கள். அவை கடலைக் கடந்து முடிய ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. வாணவேடிக்கையும் தேவாலய மணியோசையுமாக மக்கள் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், அந்தக் கம்பி மெல்ல மெல்ல உயிர்விட்டுக்கொண்டிருந்தது.

அதன் மின்னியற் பொறுப்பை வகித்தவர் உவைற்கவுஸ் என்பவர். வைத்தியத் தொழிலிலிருந்து மின்னியலுக்கு வந்தவர். தூரம் பெரிதானால் அழுத்தமும் பெரிதாக வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏறத்தாழ 2,000 உவோற்று அழுத்தத்தை அவர் கம்பியினுட் செலுத்தினார். செய்முறையிலேயே குறைகளைக் கொண்டிருந்த அக்கம்பி அதனைத் தாங்கவில்லை. செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் அது பயனற்றதாயிற்று. தவறு முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றுவது நீதியன்று. ஆயினும் பொறுமையின்மைக்கு அந்தக் கம்பி கொடுத்த விலை பெரிது.

மறுபக்கத்தில் நின்றவர் வில்லியம் தொம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு. ஓசையைக் கூட்டுவதை விடுத்துச் செவியைக் கூர்மையாக்குக என்பதே அவர் வழி. சிறு கண்ணாடித் துண்டொன்றைக் காந்தத்துடன் பிணைத்துப் பட்டு நூலிலே தொங்கவிட்டார். மிக நுண்ணிய மின்னோட்டம் வந்தாலும் கண்ணாடி அசையும். அதிற்பட்டுத் தெறிக்கும் ஒளிப்பொட்டு அளவுகோலின்மீது இடமும் வலமும் நகரும். இங்கேதான் நுட்பமான மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. மோர்ஸ் முறையிலே புள்ளி குறுகியது. கோடு அதனைப்போல் மும்மடங்கு நீண்டது. கடற்கம்பிக்காரரோ இரண்டையும் ஒரே நீளமாக்கினர். மின்னோட்டம் ஒரு திசையிற் சென்றாற் புள்ளி. எதிர்த்திசையிற் சென்றாற் கோடு. நீளத்தால் அறிந்ததைப் பக்கத்தால் அறிந்தமையினால் நேரம் மிஞ்சிற்று.

1866இல் 'கிரேற் ஈஸ்ரேண்' கப்பல் நிலையான கம்பிகளை அமைத்த பின்னர், இலற்றிமர் கிளாக் என்னும் பொறியியலாளர் இரு கம்பிகளை மறுகரையிலே இணைக்கச் செய்தார். தையல் வேலைக்குப் பெண்கள் விரலில் அணியும் வெள்ளிக் கவசத்துள் சிறிது அமிலம் இட்டு மின்கலமாக்கி, சமுத்திரத்தைப் போய்வரக் கடந்த சமிக்ஞையைக் கண்டு காட்டினார். ஈராயிரம் உவோற்றுச் செய்ய இயலாததை விரற்கவசம் ஒன்று செய்தது!

இந்தக் கதையை மறந்துவிட்டாற்போலவே கம்பியில்லாத் தந்தியின் வரலாறு தொடங்கிற்று. 1901 டிசெம்பரில் மார்க்கோனி, பட்டத்தில் உயர்த்திய கம்பியின் உதவியுடன், போல்டுவிலிருந்து வந்த மூன்று புள்ளிகளை நியூபவுண்ட்லாந்திலே கேட்டதாக அறிவித்தார். அதன் பின்னர் தூரத்தை வெல்ல நெட்டலையும் பேராற்றலுமே வழியென்று பெருநிலையங்கள் எழுந்தன. சுவீடனில் 1924இல் இயங்கத் தொடங்கிய கிறிமெற்றன் நிலையம் அவற்றுள் ஒன்று. 17.2 கிலோஹேர்ட்ஸ் மீடிறனில் 200 கிலோஉவாற்று ஆற்றலுடன் சுழலும் அதன் பாரிய பொறி இன்றும் பேணப்படுகிறது. 2004இல் அந்நிலையம் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று.

வீட்டு மூலையிற் கருவி அமைத்த ஆர்வலருக்கு நெட்டலையில் இடமிருக்கவில்லை. 1912ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் அவர்களை 200 மீற்றருக்குட்பட்ட, பயனற்றதெனக் கருதப்பட்ட, சிற்றலைகளுக்குத் தள்ளிற்று. தள்ளப்பட்ட இடத்தில் அவர்கள் புதையல் கண்டனர். 1921 டிசெம்பரில் அவர்களது சமிக்ஞைகள் ஸ்கொத்லாந்தின் ஆட்ரோசனிற் கேட்டன. 1923 நவெம்பரில் அத்திலாந்திக்கின் இரு கரையிலிருந்தும் ஆர்வலர் உரையாடினர். பயனற்றதெனக் கழித்ததை அரசுகளும் பெரிய கம்பனிகளும் பின்னர் ஓடிவந்து பங்கிட்டுக்கொண்டன என்பது வேறு கதை.

நெட்டலை ஆர்வலருக்கு மீண்டும் கிட்டியது நூற்றாண்டின் இறுதியிலேதான். பிரித்தானியாவில் 1996இல் 73 கிலோஹேர்ட்ஸ் அருகே சிறப்பு அனுமதி வழங்கப்பட்டது. 135.7 முதல் 137.8 கிலோஹேர்ட்ஸ் வரையான சிறு துண்டை அவர்களுக்கு வழங்குமாறு 1997இல் ஐரோப்பிய அமைப்பு பரிந்துரைத்தது. 2007ஆம் ஆண்டின் உலக மாநாடு அதனையே உலகளாவியதாக்கி, வீசும் ஆற்றலை 1 உவாற்றுக்கு மட்டுப்படுத்திற்று.

அந்த ஒரு உவாற்றை எட்டுவதே பெரும்பாடு. 136 கிலோஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 2,200 மீற்றர்; அதன் காற்பங்கே 550 மீற்றர். வீட்டுத் தோட்டத்தில் நிற்பதோ பத்துப் பதினைந்து மீற்றர்க் கம்பம். நூற்றுக்கணக்கான உவாற்றை ஊட்டினாலும் பெரும்பகுதி சுருளிலும் மண்ணிலும் வெப்பமாய்ப் போகும். மிகச் சிறு பங்கே வானில் ஏறும். உவைற்கவுஸின் வழி இங்கே அடைபட்டிருந்தது. தொம்சனின் வழியே எஞ்சியது.

ஆர்வலர் வேகத்தைக் குறைத்தனர். நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல் அனுப்பும் தந்தியாளரின் புள்ளி செக்கனின் பத்திலொரு பங்கு. அதனை மூன்று செக்கனாக நீட்டினால், கேட்கும் கருவியின் வாயிலை முப்பதிலொன்றாக ஒடுக்கலாம். உட்புகும் இரைச்சலும் முப்பதிலொன்றாகும். அறுபது செக்கனாக நீட்டினால் அறுநூற்றிலொன்று. இத்தகைய புள்ளியைக் காது பின்தொடராது. 1965இல் கூலியும் ரியூக்கியும் வெளியிட்ட விரைவுக் கணிப்பு முறையைக் கொண்டு, கணினி ஒலியை மீடிறன்களாகப் பிரித்துத் திரையிலே கோடுகளாக வரைகிறது. தொம்சனின் ஒளிப்பொட்டைப்போல இதுவும் கண்ணாற் படிக்கும் தந்தியே.

ஆயின் ஒரு நிமிடப் புள்ளிக்கு மூன்று நிமிடக் கோடு என்றால் 'ஏ' என்ற ஓர் எழுத்துக்கே, அதன் பின்வரும் இடைவெளியுடன், எட்டு நிமிடம் செல்லும். இங்கே பழைய கடற்கம்பித் தந்திரம் புத்துயிர் பெற்றது. புள்ளியும் கோடும் ஒரே நீளம். கோட்டின் மீடிறன் மட்டும் இம்மி அளவு உயர்ந்தது. அதே எழுத்து மூன்று நிமிடத்தில் முடிகிறது. இடி மின்னலின் இரைச்சல் ஒரு கோட்டை இடையில் அறுத்தாலும், அது மேல்வரியில் நிற்பதால் இரு புள்ளிகளென மயங்க இடமில்லை. குறையும் உண்டு: புள்ளி மட்டுமே கொண்ட எழுத்து தனித்து வந்தால் அது மேல்வரியோ கீழ்வரியோ எனத் துணிவது அரிது. ஒரே வகைக் குறிகள் அடுத்தடுத்து வந்தாலும் ஒன்றாய் ஒட்டும்; ஆதலாற் சிறு இடைவெளி சேர்த்தனர்.

இச்சமிக்ஞையைப் பிறப்பிப்பதற்குப் பாரிய பொறி எதுவும் வேண்டியதில்லை. பளிங்கு அலையியற்றி ஒன்றும், பின்னோக்கிய அழுத்தத்திற் கொள்ளளவம் மாறும் இருவாயி ஒன்றும் போதும். அழுத்தம் சிறிது மாற மீடிறனும் சிறிது மாறும். சிவப்பு ஒளிகாலும் இருவாயியையே இதற்குப் பயன்படுத்துவோர் உளர். உயர்ந்த மீடிறனில் அலையை ஆக்கிப் பின் வகுத்து இறக்கினால், அசைவும் அவ்விகிதத்திற் சுருங்கும். கடினம் அசைப்பதில் அன்று, அசையாதிருக்கச் செய்வதிலேயே உள்ளது. இரு வரிகளுக்கும் இடைத்தூரம் ஒரு ஹேர்ட்சிலும் குறைவாக இருக்கையில், அறையின் வெப்பம் மாறிப் பளிங்கு நழுவினால் புள்ளி கோடாகிவிடும். எனவே பளிங்கைச் சமவெப்பப் பெட்டியில் வைக்கின்றனர். அல்லது செய்மதி நேரக் குறிப்புடன் பிணைக்கின்றனர்.

2001ஆம் ஆண்டில், மார்க்கோனியின் மூன்று புள்ளிகளுக்கு நூறாண்டு நிறையும் வேளையில், இங்கிலாந்திலும் கனடாவிலும் இருந்த இரு ஆர்வலர் மெதுவான மோர்ஸ் மூலம் 136 கிலோஹேர்ட்சில் அத்திலாந்திக்கைத் தாண்டி இருவழித் தொடர்பு கொண்டனர். பரிமாறிய செய்தி அழைப்புக் குறியும் கேட்ட அளவுமே. அதனை முடிக்க ஓரிரவு போதவில்லை. ஒருவர் அனுப்புவதும் மற்றவர் திரையைப் பார்த்திருப்பதுமாகப் பல இரவுகள் சென்றன. மகாராணியாரின் பதினாறு மணி நேரம் அவர்களுக்கு மிக விரைவானதாகத் தோன்றியிருக்கும்.