தகரத்திற்கும் ஒரு முத்திரை

பாலையூற்று போன்ற திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களில் வாகனத்துக்குப் பகை உப்புக்காற்று. நாகம் பூசாத மட்காட்டில் துரு விரைந்து ஏறும். ஆயினும் வாங்கும் நாளில் அசலும் நகலும் கண்ணுக்கு ஒன்றே.

கண் அறியாததை அளந்து சொல்லவே 1987இல் அமெரிக்காவில் 'காப்பா' என்ற சான்றளிப்பு அமைப்பு தோன்றியது. உலோகம், பூச்சு, பொருத்தம் ஆகியவற்றை அது சோதிக்கிறது. செலவைக் குறைக்க அசலல்லாத பாகங்களை விதித்த ஸ்டேட் பார்ம் காப்புறுதி நிறுவனத்துக்கு எதிராக, 1999இல் இலினோய் நீதிமன்றமொன்று நூறு கோடி டொலருக்கு மேல் தீர்ப்பளித்தது; 2005இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது.

இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழையவற்றைப் பழுதுபார்த்தே ஓட்ட நேர்ந்தது. முத்திரையற்ற தகரத்தை வாங்குபவரே அதன் சோதனையாளரும் ஆகிறார். முடிவு தெரிவதோ பணம் கொடுத்த பின்னர்.