தொப்பைக்கு யார் பொறுப்பு?



காலை நேரத்தில் நம் லிஃப்டில் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே உடம்பைப் பற்றித் திரும்பிவிடுகிறது. "வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகும்" என்பார் ஒருவர். "எங்கள் குடும்பத்துக்கே இந்த உடம்புதான்" என்பார் இன்னொருவர். இருவரில் யார் பக்கம் நியாயம்? நம் பேட்டையின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் பாதி பதில் கிடைக்கிறது.

தியாகராய நகர் 1920-களில், பழைய நீண்ட ஏரியைத் தூர்த்து உருவான ஊர். கடைத்தெருவுக்கு முன்பே நடுவில் பனகல் பூங்காவுக்கு இடம் ஒதுக்கினார்கள். 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. டிராம் வண்டிகள் 1953 வரை ஓடின. ரயிலோ டிராமோ வாசலுக்கு வராது. ஸ்டேஷன் வரை நடந்தாக வேண்டும். வீட்டில் அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணறும் தங்கள் பங்குக்கு வேலை வாங்கின. நம் தாத்தா பாட்டிகள் நம்மைவிட வைராக்கியம் மிகுந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. 'வாக்கிங் போகிறேன்' என்று அவர்கள் கிளம்பியதே இல்லை. இருந்தும் தினமும் நடந்தார்கள்.

இதை எண்களில் காட்டிய ஓர் ஆய்வு நம் சென்னையிலேயே நடந்தது. 1996-இல் டாக்டர் வி. மோகன் குழுவினர் இரண்டு குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று, தி.நகரில் குறைந்த வருமானக்காரர்கள் வாழும் பாரதி நகர். மற்றொன்று, திருமங்கலத்தில் நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்தினரின் ஏசியாட் காலனி. உடல் பருமனின் நெருங்கிய கூட்டாளியான சர்க்கரை நோய், காலனியில் 100 பேரில் 12.4 பேருக்கு இருந்தது. பாரதி நகரில் 6.5 பேருக்குத்தான்.

பாரதி நகர்வாசிகளுக்கு நாவடக்கம் இரண்டு மடங்கு என்றா சொல்வது? கை வருந்தி உழைக்கும் வேலையும், எண்ணிச் செலவழிக்க வேண்டிய காசும் அவர்களைக் காத்தன என்பதே பொருத்தமான விளக்கம். பத்தாண்டு கழித்து மறுபடி கணக்கெடுத்தபோது அதுவும் போய்விட்டது. பாரதி நகரில் 6.5 என்பது 15.3 ஆகியிருந்தது. ஏசியாட் காலனியில் 12.4 என்பது 15.4 ஆனது. பத்தே ஆண்டில் ஒரு தெருவின் பரம்பரை மாறிவிடாது. குணமும் கூண்டோடு கெட்டுவிடாது. மாறியது சுற்றியுள்ள வாழ்க்கை.

"அப்படியானால் நம் கையில் ஒன்றுமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. காலனியில் எண்ணிக்கை ஏன் அவ்வளவு ஏறவில்லை என்று பாருங்கள். ஆய்வுக் குழுவினர் அங்கே உடற்பயிற்சியின் பலனை எடுத்துச் சொன்னார்கள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. தங்களுக்குள் பணம் திரட்டி, நடப்பதற்கென்று ஒரு பூங்காவையே கட்டினார்கள். முன்பு உடற்பயிற்சி செய்தவர்கள் 100-க்கு 14 பேர். ஏழு ஆண்டுகள் கழித்து 58-க்கும் மேல்! பூங்கா ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வெறும் அறிவுரை எந்தக் காலனியிலும் இவ்வளவு பேரை எழுப்பி நடக்கவிட்டதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே குழுவினர் பின்னர் மாநகரம் முழுவதும் நடத்திய ஆய்வில், இடுப்புச் சுற்றளவு வரம்பைத் தாண்டியவர்கள் ஆண்களில் 100-க்கு 35, பெண்களில் 56. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என வரம்பே வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இருந்தாலும் உங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு யார் ஷூ மாட்டுகிறார், யார் அடுப்படியில் நிற்கிறார் என்று ஒரு முறை பாருங்கள். 'நேரம் ஒதுக்குவது அவரவர் விருப்பம்' என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது.

ஆகவே என் பதில் இது. தட்டில் எத்தனை இட்லி என்பது தனி மனிதர் முடிவு. நடக்க இடம் இருக்கிறதா என்பது ஊரின் முடிவு. நம் வளாகத்தைப் பொறுத்தவரை அந்த ஊர் நாம்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பின்புற நடைபாதையை எடுத்து மேலும் எட்டு கார்களுக்கு இடம் செய்யலாம் என்ற யோசனை அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. கார் வைக்க இடமில்லாதவர்களின் சிரமம் எனக்கும் தெரியும். நானும் தெருவில் நிறுத்துகிறவன்தான். ஆனால் அந்தப் பாதையில் முட்டி வலியோடு மெதுவாக நடக்கும் பாட்டிகளும், மாலையில் ஓடும் குழந்தைகளும், இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு விடியற்காலையில் கால் நீட்டி நடக்கும் நம் வாட்ச்மேனும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வாக்குரிமை இல்லை. உங்களுக்கு இருக்கிறது. கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். முடிந்தால் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கி வாருங்கள்.