கிரால் ஸ்பேஸ் ஈரத்தடுப்பு

கிரால் ஸ்பேஸ் என்பது வீட்டின் தரைக்கும் அதன் கீழுள்ள மண்ணுக்கும் இடையே, ஆள் தவழ்ந்து செல்லும் உயரத்தில் விடப்படும் இடைவெளி. அமெரிக்காவில், குறிப்பாக வட கரோலினா உள்ளிட்ட தென்கிழக்கு மாநிலங்களில், மரத்தரை கொண்ட வீடுகளில் இது பரவலாக உள்ளது. தண்ணீர்க் குழாய்களும் குளிர்சாதனக் காற்றுக் குழாய்களும் பெரும்பாலும் இதன் வழியே செல்கின்றன. இவ்விடைவெளியில் மண்ணீரமும் வெளிக்காற்றும் புகாதபடி மூடி, வெப்பக்காப்பு அமைப்பதே கிரால் ஸ்பேஸ் ஈரத்தடுப்பு.

ஈரம் சேரும் விதம்

மழைநீர் அடித்தளச் சுவரோரம் தேங்கிக் கசிகிறது. மூடப்படாத மண்ணிலிருந்து ஈரம் ஆவியாகிறது. கோடைக்காற்றும் ஈரத்தைச் சுமந்து வருகிறது. 32 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 60 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 23 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த குழாயிலோ உத்திரத்திலோ அக்காற்று பட்டால் நீர் துளிர்க்கும். ஈரம் நீடித்தால் பூஞ்சை படரும்; மரத்தின் ஈர அளவு 30 விழுக்காட்டை நெருங்கினால் உத்திரங்கள் இற்றுப்போகத் தொடங்கும். கீழுள்ள காற்று தரை இடுக்குகள் வழியே மேலேறுவதால் கெட்ட வாடை வீட்டுக்குள்ளும் வரும்.

காற்றுத் துளை விதி

இவ்விடைவெளியை உலர்த்துவதற்காக, 150 சதுர அடிப் பரப்புக்கு 1 சதுர அடி என்ற கணக்கில் சுவரில் காற்றுத் துளைகள் விடுவது அமெரிக்கக் கட்டட விதிகளில் நெடுங்கால வழக்கம். ஆனால் ஈரம் மிகுந்த கோடையில் இத்துளைகளே ஈரத்தை உள்ளே கொண்டுவருகின்றன. வட கரோலினாவின் பிரின்ஸ்வில் ஊரில் அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற அமைப்பு 2000-களின் தொடக்கத்தில் 12 வீடுகளில் நடத்திய ஆய்வில், மூடப்பட்டவை துளை விட்டவற்றைவிட உலர்ந்திருந்தன; வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் ஆற்றலும் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தது. இன்றைய கட்டட விதிகள் மூடும் முறையையும் ஏற்கின்றன.

செய்முறை

முதலில் நீர்வரத்தைத் தடுக்க வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள நிலம் முதல் 10 அடியில் 6 அங்குலம் சரிந்து வெளிநோக்கி இறங்க வேண்டும். கூரைநீர் சுவரை விட்டுத் தள்ளி விழ வேண்டும். உள்ளே ஊற்றெடுத்தால் வடிகாலும், குழியில் சேரும் நீரை இறைக்கும் சம்ப் பம்பும் தேவை.

பின்னர் மண் முழுவதும் குறைந்தது 0.15 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலித்தீன் தாள் விரிக்கப்படும். ஆட்கள் தவழ்ந்தால் கிழியாதிருக்கப் பலர் இதைவிடத் தடித்த தாளையே விரிக்கின்றனர். தாள்கள் 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டப்பட வேண்டும். ஓரங்கள் சுவரில் அதே அளவு ஏற்றி இறுக்கப்படும். அதன் பிறகே காற்றுத் துளைகளும் குழாய் நுழையும் இடுக்குகளும் அடைக்கப்படும். இவ்வாறு மூடிய இடத்துக்கு ஈரமகற்றிக் கருவியோ, வீட்டின் குளிர்சாதனத்திலிருந்து சிறிதளவு காற்றோ, தொடர்ந்து இயங்கும் வெளியேற்று விசிறியோ வேண்டும்.

வெப்பக்காப்பு

துளையுள்ள அமைப்பில் உத்திரங்களுக்கிடையே கண்ணாடியிழை மெத்தை செருகப்படும். ஈரமேறினால் அது தொய்ந்து விழும். மூடிய அமைப்பில் தரையை விட்டுச் சுவரிலேயே நுரைப்பலகை பதிக்கப்படும். கரையான் தடத்தைச் சோதிக்க, சுவரின் மேற்புறத்தில் சில அங்குலம் வெறுமையாக விடுவது தென்கிழக்கு மாநிலங்களின் வழக்கம்.

வரம்புகள்

உள்காற்றை இழுத்து எரியும் எரிவாயுச் சூடேற்றியோ நீர்க்கொதிகலனோ இவ்விடைவெளியில் இருந்தால், மூடுவது கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு வழிவகுக்கும். மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க ரேடான் வாயு உள்ள பகுதிகளில் தாளின் அடியிலிருந்து குழாய் வழியே அதனை வெளியேற்ற வேண்டும். வெள்ள அபாயப் பகுதிகளில் நீர் புகுந்து வெளியேறும் திறப்புகள் கட்டாயம் என்பதால், முழுமையாக மூடும் முறை அங்கே பொருந்தாது.