ஆல்ப்ஸ் மலையில் தங்கப் போகிறீர்களா? ஷாலே, பண்ணைவீடு, மலைக்குடில்... உங்களுக்கு எது ஒத்துவரும்?

ஜன்னலைத் திறந்தால் பனிமலை. மரவீட்டு மாடத்தில் சிவப்புப் பூக்கள். சமூக ஊடகத்தில் அந்தப் படத்தைப் பார்த்ததும் "இங்கேயே புக் பண்ணிடலாம்" என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள்.

படத்தில் ஒன்றுபோலவே தெரியும் இரண்டு மரவீடுகளில், ஒன்றுக்கு வாசல்வரை பேருந்து போகும். இன்னொன்றுக்கு 3 மணி நேரம் மலையேற வேண்டும். அங்கே குளியலறைகூட இல்லாமல் இருக்கலாம். சக்கரப் பெட்டிகளோடு அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு போன பிறகு அது தெரியவந்தால்?

ஆல்ப்ஸ் மலைத்தொடர் 8 நாடுகளில் சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரவியிருக்கிறது. அங்குள்ள பாரம்பரியத் தங்குமிடங்களை முக்கியமாக 4 வகையாகப் பிரிக்கலாம்.

1. ஷாலே

கோடையில் மாடுகளை மலைமேல் ஓட்டிச் சென்று மேய்த்தவர்கள் தங்கிய வீடுதான் ஷாலே. கீழே கல், மேலே மரம், வெளியே நன்றாக நீண்டிருக்கும் கூரை. இன்று அதே பாணியில் கட்டப்பட்ட வாடகை வீடுகளையும் ஹோட்டல்களையும் அந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். அதனால் பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

நாலைந்து பேராகப் போய், சொந்தமாகச் சமைத்துச் சாப்பிட இது வசதி. ஆனால் உச்சப் பருவத்தில் பல வீடுகளை ஒரு வாரத்திற்குக் குறைந்து வாடகைக்கு விடுவதில்லை. சுத்தம் செய்யும் கட்டணம், படுக்கைவிரிப்புக் கட்டணம், சுற்றுப்பயணி வரி எல்லாம் தனியாக வரலாம். மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

2. கிராமத்து விடுதி

ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் இதை 'காஸ்ட்ஹோஃப்' என்பார்கள். பெரும்பாலும் ஒரே குடும்பம் நடத்தும் விடுதி. கீழே உணவகம், மேலே அறைகள். தனி அறை, சுடுதண்ணீர், அருகில் பேருந்து நிறுத்தம் எல்லாம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பெற்றோருடன் முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் பாதுகாப்பான தேர்வு. வாரத்தில் ஒருநாள் உணவகம் மூடியிருக்கலாம். அது எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

3. பண்ணைவீடு

ஆஸ்திரியாவிலும் வட இத்தாலியின் தென் டிரோல் வட்டாரத்திலும் இது பிரபலம். மாடு, கோழி, வீட்டில் செய்த வெண்ணெய்... பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்! ஆனால் பல பண்ணைகள் கிராமத்திலிருந்து தள்ளி இருக்கும். கார் இல்லையென்றால் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. மலைக்குடில்

மலையேறிகளுக்காக உருவானவை இவை. 1863இல் தொடங்கப்பட்ட சுவிஸ் ஆல்ப்ஸ் மன்றத்திடம் மட்டும் இன்று சுமார் 150 குடில்கள் உள்ளன. பிரான்ஸில் இவற்றை 'ரெஃப்யூஜ்' என்றும் இத்தாலியில் 'ரிஃபூஜியோ' என்றும் சொல்வார்கள்.

இது ஹோட்டல் இல்லை. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில், வரிசையாகப் போட்ட மெத்தைகளில் படுக்க வேண்டியிருக்கும். இரவு 10 மணிக்கு அமைதி. போர்வை கொடுப்பார்கள். ஆனால் மெல்லிய உறைபோன்ற தூக்கப்பையை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். சுவிட்சர்லந்தில் இரவு உணவு, காலை உணவு சேர்த்து ஒருவருக்குச் சுமார் 80 முதல் 100 பிராங்க் ஆகலாம். ரொக்கமும் வைத்திருங்கள்.

குடிலுக்குப் போகுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

🔹 எப்போது திறந்திருக்கும்?
பெரும்பாலான குடில்களில் ஜூன் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரைதான் பணியாளர்கள் இருப்பார்கள். நம்முடைய டிசம்பர்ப் பள்ளி விடுமுறைக்குக் கிராமத்து விடுதியோ ஷாலேயோதான் சரிப்படும்.

🔹 பாதை எப்படி?
சுவிட்சர்லந்தில் மஞ்சள் குறியீடு இருந்தால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் செங்குத்தான மலைப்பாதை. வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் அனுபவசாலிகளுக்கு மட்டும். வழிகாட்டிப் பலகையில் இருக்கும் நேரத்தில் ஓய்வுநேரம் சேராது. புக்கிட் தீமா குன்றின் உயரமே 163 மீட்டர்தான். அதை மட்டும் ஏறிப் பழகியவர்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது.

🔹 உயரம் எவ்வளவு?
2,500 மீட்டருக்குமேல் தலைவலி, குமட்டல் வரலாம். முதல் இரவே அங்கே போய்த் தங்காதீர்கள். இதயம், நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

🔹 குளிக்க முடியுமா?
பல குடில்களில் முடியாது. தண்ணீர் அங்கே அரிது. மழையையும் உருகும் பனியையும் நம்பித்தான் பல குடில்கள் இயங்குகின்றன.

🔹 சைவம், ஹலால்?
முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். மேலே போய்க் கேட்டால் மாற்று இருக்காது. பொருள்கள் பல இடங்களுக்கு ஹெலிகாப்டரில்தான் வருகின்றன. உருளைக்கிழங்கு 'ரோஸ்டி'யில்கூடப் பன்றி இறைச்சித் துண்டுகள் கலந்திருக்கலாம். பாரம்பரியப் பாலாடைக்கட்டி பலவற்றில், பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த நொதியைச் சேர்ப்பார்கள்.

🔹 போக முடியவில்லை என்றால்?
கட்டாயம் தொலைபேசியில் சொல்லுங்கள். காசுக்காக மட்டுமல்ல. வரவேண்டியவர் வரவில்லை என்றால், வழியில் ஏதோ ஆகிவிட்டது என்று தேடத் தொடங்கிவிடலாம். அதேபோல், குடிலில் உள்ள பதிவேட்டில் உங்கள் பெயரையும் அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். காணாமல் போனால் மீட்பாளர்களுக்குக் கிடைக்கும் முதல் தடயம் அதுதான்.

அவசர எண் 112. சுவிட்சர்லந்தில் விமான மீட்புக்கு 1414. உங்கள் பயணக் காப்புறுதி மலை மீட்பையும் உள்ளடக்குகிறதா என்று புறப்படுமுன் பாருங்கள்.

பழைய தகவலை நம்பலாமா?

சுவிட்சர்லந்தின் அலெட்ச் பனியாற்றுக்கு மேலே கொன்கோர்டியா குடில் இருக்கிறது. 1877இல் முதன்முதலில் கட்டியபோது அது பனியாற்றிலிருந்து சுமார் 50 மீட்டர் உயரத்தில்தான் இருந்தது. பனி உருகி உருகிக் கீழே இறங்கிவிட்டது. இப்போது பனியாற்றிலிருந்து குடிலுக்குப் போக 400க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும்.

மலை மாறிக்கொண்டே இருக்கிறது. 5 ஆண்டுக்குமுன் யாரோ போட்ட காணொளியைப் பார்த்துத் திட்டமிடாதீர்கள். குடிலின் பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "நாங்கள் இத்தனை பேர், இந்த வயது, இவ்வளவு அனுபவம். வரலாமா?" என்று கேளுங்கள். "இந்த முறை வேண்டாம்" என்று அவர் சொன்னால், கிராமத்து விடுதியிலேயே தங்கலாம். பனிமலை அந்த ஜன்னலிலிருந்தும் தெரியும்.